ஜட்ஜம்மா ஊர் பார்த்த கதை

அவளுக்கு ஜட்ஜம்மா என்று பேர் வைத்தவள் சித்தி. பத்து வயதில் ஒருநாள், வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் படியிறங்கிய கையோடு, வந்தவர் விட்ட கதைகளில் எது எது புளுகு, அவர் மனைவி புது நாற்காலியைப் பார்த்த பார்வைக்கு என்ன அர்த்தம் என்றெல்லாம் கூடத்தின் நடுவில் நின்று அவள் தீர்ப்புச் சொன்னாள். சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குப் பிடித்தது சனி. சிரிக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டால் குறை சொல்வதற்கும் ருசி வந்துவிடும். பதினாறு வயதுக்குள் பள்ளிக்கூடம், அக்கம்பக்கம், சொந்தபந்தம் என்று ஒன்றுவிடாமல் அவள் வாயில் விழுந்து எழுந்திருந்தன.

பாராட்டுவது அவளுக்கு ஆகாது. அது அப்பாவின் இலாகா. அப்பா மெத்தைக் கடையில் விற்பனையாளர். பேருந்து இருக்கையானாலும் பூசணிக்காயானாலும் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, என்ன மாதிரி சரக்கு பார் என்பார். நல்லதாக ஒரு வார்த்தை சொல்வதென்றாலே யார் தலையிலோ மெத்தையைக் கட்டுவதுதான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அம்மா வேறு ரகம். பல் செட் செய்யும் லேபில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை அடுத்தவர் வாய்க்குள் போகப்போகிற பற்களை மெழுகில் ஒவ்வொன்றாக நட்டு நட்டு, தன் வாயைத் திறக்கவே மறந்துபோனவள்போல் இருப்பாள்.

இப்படிப்பட்ட குடும்பம் திடீரென்று ஒரு வாரம் வெளிநாட்டுக்குச் சுற்றுலா கிளம்புகிறது என்றால் யாருக்கும் ஒரு சந்தேகம் வர வேண்டும். பக்கத்து ஊருக்குப் போகவே பத்து தடவை யோசிக்கிறவர்கள். கூரியர் ஆபீசில் வேலை பார்க்கும் சித்தி தன் செலவில் ஒட்டிக்கொண்டாள். இப்போது ஏன், அந்த ஊருக்கு ஏன் என்று ஜட்ஜம்மா கேட்கவில்லை. கேள்வி கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை, தீர்ப்புதான்.

முதல் தீர்ப்பு விமான நிலையத்திலேயே வந்தது. வரிசையில் நின்ற அந்த ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் விட்டிருந்த இடைவெளியைப் பார்த்து, இங்கே எல்லாருக்கும் சொறி சிரங்கோ என்று கேட்டாள். சித்தி பெட்டியின்மேல் சாய்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு தடுப்பார் இல்லை. வாடகைக்கு எடுத்த வீட்டின் லிஃப்ட் ஒவ்வொரு மாடியையும் பெண் குரலில் சொன்னது. நமக்குத் தெரிந்ததையே நமக்குச் சொல்கிறாள், எந்த வீட்டு மாமியாரோ என்றாள். தெரு முழுக்க வீடுகள் ஒரே பழுப்பில் இருந்தன. பெயின்ட் கடையில் விற்காமல் கிடந்ததை ஊருக்கே பூசிவிட்டார்கள் என்றாள். சதுக்கத்தில் குதிரைமேல் உட்கார்ந்திருந்த வெண்கல மனிதரை, முகக்களை குதிரைக்குத்தான் என்று தள்ளிவிட்டாள். ஸ்வெட்டர் போட்ட நாய்களைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அப்பா விடாமல் போராடினார். பாலத்தின் கைப்பிடியைத் தட்டினார், பூங்கா பெஞ்சைத் தட்டினார், ஒருநாள் குப்பைத் தொட்டியையே தட்டிப் பார்த்து இரும்பின் கனத்தை வியந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு மகள் பக்கம் திரும்பி, எப்படி, நன்றாக இருக்கிறதில்லையா என்று கேட்டார். மனைவியைக் கேட்கவில்லை, சித்தியைக் கேட்கவில்லை. கேட்கும்போதெல்லாம் அம்மா ஓர் அடி பின்னால் நின்று மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரையே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்த ஜட்ஜம்மாவின் கண்ணுக்கு இது மட்டும் படவில்லை.

உண்மையைச் சொன்னால் அந்த ஊர் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை. இரண்டாம் நாள் காலையில் பால் தீர்ந்துவிட்டது என்று அவளைத் தனியாகக் கடைக்கு அனுப்பினார்கள். சொந்த ஊரில் வாசல் தாண்டினால் முனைக்கடைக்காரர், இஸ்திரி போடுகிறவர், எதிர்வீட்டு அத்தை என்று ஆளாளுக்கு எங்கே போகிறாய் என்று கேட்பார்கள்; அவள் சொன்ன பதில் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவள் திரும்பியிருக்க வேண்டும். இங்கே ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் யாரோ. வாய்க்கால் ஓரமாக நடந்து, கடையைத் தாண்டி, தெரியாத ஒரு தெருவில் திரும்பி, ஒரு பெஞ்சில் சும்மா உட்கார்ந்தாள். யாருக்காகவும் எதையும் சொல்லத் தோன்றவில்லை. மறுநாள் பால் இருந்தும் போனாள். அதற்கு அடுத்த நாள் ஒரு பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பினாள். வீட்டில் கேட்டபோது, கடையில் கூட்டம், இந்த ஊரில் சில்லறை எண்ணக்கூட ஒருவருக்கும் தெரியவில்லை என்று சொல்லிவைத்தாள். பிடித்திருக்கிறது என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால் அப்பாவின் கட்சியில் சேர்ந்த மாதிரி ஆகிவிடும். சித்தியின் சிரிப்பும் போய்விடும். அதற்கு அவள் தயாராக இல்லை.

ஐந்தாம் நாள் அப்பாவும் சித்தியும் அருங்காட்சியகம் பார்க்கக் கிளம்பினார்கள். அம்மாவுக்கு அங்கே ஒரு லேபில் தெரிந்தவள் இருக்கிறாளாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். உடைந்த பானைகளைப் பார்ப்பதற்கு இது தேவலை என்று ஜட்ஜம்மா அம்மாவோடு ஒட்டிக்கொண்டாள்.

லேபில் ஒரு நீள மேசை. தலைகுனிந்து நாலைந்து பேர், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு குட்டி அடுப்புச் சுடர், வெள்ளை மாவில் வார்த்த தாடை அச்சுகள். நரைத்த தலையோடு ஒரு முதலாளியம்மாள் வந்து அம்மாவிடம் ஓர் ஏப்ரனைக் கொடுத்தாள். அம்மா மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, மெழுகுக் கத்தியைச் சூடு காட்டி வேலையைத் தொடங்கிவிட்டாள். ஓசியில் வேலை வாங்குகிறார்கள், இவளும் செய்கிறாளே என்று கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேல்வரிசை முடிந்ததும் முதலாளியம்மாள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மற்றவர்களைக் கூப்பிட்டாள். எல்லாரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். ஒருவன் என்னவோ சொல்ல, அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அம்மாவுக்கு இப்படிச் சிரிக்க வருமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு மகள் போனுக்குள் போய்விட்டாள்.

வெளியே வந்து டிராமுக்குக் காத்திருக்கும்போது அம்மா கேட்டாள்.

"ஊர் எப்படிடி இருக்கு? நெஜமா சொல்லு."

"ஊரா இது? பெரிய ஆஸ்பத்திரி வராந்தா. சுத்தமா இருக்கு, சத்தமே இல்ல, எப்படா வெளிய போவோம்னு இருக்கு."

அன்றைய சரக்கில் அதுதான் உசத்தி. சித்தியிடம் சொல்ல வேண்டும் என்று உடனே மனதில் குறித்துக்கொண்டாள். அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு, வராத டிராமைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிளம்புகிற நாள் காலையில் அப்பாவும் அவளும் படுக்கையறையில் பெட்டி அடுக்கினார்கள். துணியை மடிக்கிற அப்பாவின் கை வாடகை மெத்தையின்மேல் பட்டும் தட்டவில்லை. மெத்தை சரியில்லையா, பாராட்டைக் காணோமே என்று அவள் சீண்டினாள்.

"நான் விக்காத மெத்தை கிடையாதும்மா," என்றார் அப்பா. "இந்த ஊரைத்தான் உங்கிட்ட விக்க முடியல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அந்த லேபில் அம்மாவை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். இப்போது செய்வதற்கு மேலான வேலை, பேர் சொல்லும் வேலை. அன்று அவள் உட்கார்ந்து செய்து காட்டியது பரீட்சை. மெத்தை எந்த ஊரிலும்தான் விற்கிறது, அப்பா சமாளித்துக்கொள்வார். ஆனால் பெண்ணுக்கு ஊர் பிடித்தால்தான் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். முன்கூட்டிச் சொன்னால் மகள் தனக்காகச் சரி என்றுவிடுவாள், தானாக அவள் வாயில் என்ன வருகிறது என்று பார்ப்போம் என்றாள். வந்தது. இன்றைக்கு அம்மா லேபுக்குப் போன் போட்டு, வர முடியாது என்று சொல்லப்போகிறாள்.

ஜட்ஜம்மா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். சமையல் அறையில் அம்மா வீட்டுச் சொந்தக்காரரின் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். போன் ஜன்னல் விளிம்பில் இருந்தது. சித்தி ஸ்டூலில் உட்கார்ந்து மிச்ச ரொட்டியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு."

சித்திக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவள் விடவில்லை. வாய்க்கால் ஓரத்து நடையைச் சொன்னாள், பெஞ்சைச் சொன்னாள், கடைசி நிறுத்தம்வரை போனதைச் சொன்னாள், தன்னை யாரும் எதுவும் கேட்காதது எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொன்னாள். வாழ்நாளில் அவள் இவ்வளவு நேரம் எதையும் பாராட்டியதில்லை. ஆனால் அந்தக் குரலுக்குக் கேலி செய்துதான் பழக்கம். நன்றாக இருந்தது என்று சொன்னாலும் அதில் ஓர் இழுவை ஒட்டிக்கொண்டு வந்தது. அது அவள் காதுக்கே கேட்டது. சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பா மாதிரியே பேசிக் காட்டுகிறாளே, போதும், வயிறு வலிக்கிறது என்றாள்.

அம்மா சிரிக்கவில்லை. சமையல் அறை வாசலில் வந்து நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களாக்கும்," என்றாள். மகளின் கன்னத்தில் ஈரக்கையை வைத்தாள். "எனக்காகப் பொய் சொல்லாதடி. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

ஒருத்திக்கு அது நக்கல், இன்னொருத்திக்கு அது இரக்கம். அவள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதையும் நடிப்பு என்பார்களோ என்று பயந்து அடக்கினாள்.

அம்மா போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். அவள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பொய் இல்லம்மா. நெஜம்."

அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்தாள். கோபம் துளிகூட இல்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டாள்.

"நெஜம்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

அவள் பதில் தேடினாள். ஊரில் எதற்கும் பதில் வைத்திருக்கிற வாய் அது. தேடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் முதலாளியம்மாள் போனை எடுத்துவிட்டாள். அம்மா மகளின் கையை மெல்ல விலக்கிவிட்டு, தனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஊர் மொழியில், முதலில் மன்னிப்புக் கேட்டாள்.