சீமைக்குப் போன ஒரு சொட்டு

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் மருந்து கலக்கிக்கொண்டிருந்த காலத்தில், தியத்தலாவை முகாமிலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்து டாக்டர் ஒருவர் வந்தார். வெயிலில் தோலுரிந்த மூக்கு, ஒட்டிய கன்னம். குளிர்காய்ச்சல் பற்றிய ஆராய்ச்சிக்காகப் பட்டாளம் அவரை அனுப்பியிருந்தது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலியாட்களின் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துக்கொள்வார். பிள்ளைகள் என்றால், குத்திய விரலை அவரே வாயால் ஊதிவிடுவார்.

அப்படி ஊதிவிட்ட பையன் ஒருவன் காய்ச்சலில் போய்விட்டான். புதைத்த மறுநாள், குழிக்குப் பால் ஊற்றப் போகிற வழியில், கையில் செம்போடு அவன் தகப்பன் எங்கள் முன்னால் வந்து நின்றான்.

“எம் புள்ள ரத்தத்தக் குடுக்கச் சொல்லுங்கய்யா. அதையும் அவன்கூடவே பொதைக்கணும்.”

கண்ணாடித் துண்டுகள் எல்லாம் சீமைக்குக் கப்பலேறிவிட்டதாக டாக்டர் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அவன் கோபப்படவில்லை. “அப்ப அங்க அவனுக்கு யாருங்க பால் ஊத்துவா?” என்று கேட்டான்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதைச் சொல்லி முடித்தேன். டாக்டர் துடைத்த ஊசியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். தகப்பன் தேயிலைச் சரிவில் இறங்கி மறைந்த பிறகு என்னிடம் கேட்டார்.

“எவ்வளவு பால் ஊற்ற வேண்டும்?”

அவர் குரலில் கேலி இல்லை. “ஒரு செம்பு போதுங்க” என்றேன்.

கொஞ்ச நாளில் அவரும் சீமைக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே அவனுக்குப் பால் ஊற்றியிருந்தால், எந்த மண்ணில் ஊற்றியிருப்பார்?