எட்டு என்று சொன்னவள்

ஆபரேஷன் தியேட்டரில் அவளை எல்லோரும் எண்ணிக்கையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயிற்றைத் திறப்பதற்கு முன் பஞ்சுத்துணி, கத்தரி, ஊசி எல்லாவற்றையும் எண்ணிப் பலகையில் எழுத வேண்டும். மூடுவதற்கு முன் திரும்ப எண்ணிச் சரிபார்க்க வேண்டும். மற்ற நர்சுகள் இரண்டு முறை எண்ணினால் இவள் நான்கு முறை எண்ணுவாள். ஒரு தடவை பெரிய டாக்டர் தையல் போடத் தொடங்கிய நேரத்தில் ஒன்று குறைகிறது, நிறுத்துங்கள் என்றாள். அவர் எரிந்து விழுந்தார். தேடினால் குடலுக்குப் பின்னால் ஒரு பஞ்சுத்துணி ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அவள் எண்ணி முடிக்கும் வரை டாக்டர் வாயைத் திறப்பதில்லை.

பொறுப்பு என்றால் அவள்தான் என்று முப்பத்தாறு வருடமாக மெச்சுகிறார்கள். மெச்சுகிறவர்களுக்கு என்ன, தெரிந்தா மெச்சுகிறார்கள்? கருவிகளை அவிக்கும் பெட்டியின் கதவைத் திறக்கும்போது குப்பென்று ஆவி வரும். அந்த வெள்ளைக்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு குரங்கு குல்லா நிற்கும். ஆவி கலைந்ததும் தட்டும் இடுக்கிகளும் மட்டும் இருக்கும். அவள் யாரிடமும் சொன்னதில்லை. பேய் பிசாசை நம்புகிற ஆளும் இல்லை. கதவைத் திறந்ததும் ஒரு கணம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அவ்வளவுதான்.

சின்ன வயதில் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் குடும்பம் மொத்தமும் ஒரு மலையூருக்குப் போகும். அண்ணன், இவள், தங்கை, பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர் என்று எட்டு வாண்டுகள். ஏரிக்கு மேலே ஒரு வாடகை வீடு. நடந்தால் பலகைத் தரை முனகும், கம்பளியில் அந்துருண்டை வாசம் அடிக்கும். கீழே ஊரில் சிரிக்கவே காசு கேட்கிற அப்பா அங்கே போனால் குளியலறையில் பாடுவார். சமைக்க அங்கே ஆள் உண்டு என்பதால் அம்மா அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு, பைகளுக்குள் கைகளை விட்டபடி ஏரியைச் சுற்றி நடப்பாள். வருடத்தில் அந்தப் பத்து நாள்தான் அம்மா அம்மாவாக இருந்தாள். பிள்ளைகளுக்கே அது தெரியும்.

மலையேறும் வேனில் தலை எண்ணுகிற வேலை இவளுடையது. அண்ணனை நம்பி எதையும் ஒப்படைக்க முடியாது. அவனுக்குத் தன் செருப்பே எங்கே என்று தெரியாது. அதனால் அப்பா இந்தப் பத்து வயதுக்காரியைத்தான் கேட்பார். அவள் எட்டு என்று சொன்னால் வேன் கிளம்பும்.

அந்த வருடமும், மஞ்சள் குரங்கு குல்லா போட்ட ஆறு வயதுத் தங்கை வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாள். பை பிடிப்பது, முதுகு நீவுவது எல்லாம் அக்காவின் தலையில்தான் விழுந்தது. கடைசியில் அக்காவுடைய புது ஸ்வெட்டர் மேலேயே எடுத்துவிட்டாள். டீக்கடையில் வேன் நின்றது; அதற்குள் மூடுபனி இறங்கியிருந்தது. எல்லோரும் டீ குடித்துவிட்டு ஏறினார்கள். இவள் எண்ணினாள். ஏழு. பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். சாலையோரக் கைப்பிடிச் சுவர் பக்கம் மஞ்சள் குல்லா தெரிந்தது.

"எட்டு," என்றாள்.

அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். கொஞ்சம் அழட்டும், கொழுப்பு அடங்கட்டும். அடுத்த வளைவு வந்தபோது, அப்புறம் ஏன் எட்டு என்றாய் என்று கேட்பார்களே என்று பயம் வந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் பயம் வளர்ந்ததே தவிர வாய் திறக்கவில்லை. மலையூரில் இறங்கி மூட்டைகளை இறக்கும்போதுதான் அம்மா, குட்டி எங்கே என்று கேட்டாள்.

அப்பாவும் பெரியப்பாவும் வேனைத் திருப்பிக்கொண்டு இறங்கினார்கள். டீக்கடைக்காரர் சாக்கைப் போர்த்திக் குழந்தையை அடுப்போரம் உட்கார வைத்திருந்தார். தங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து வயதுப் பிள்ளை எண்ணியதை யாரும் கேள்வி கேட்கவில்லை. பெற்றவளுக்கு எங்கே போயிற்று புத்தி என்று அப்பா எல்லோர் முன்னாலும் அம்மாவைக் கேட்டார். அப்பாவின் கோட்டை அதன்பிறகு அம்மா தொடவே இல்லை, மலைக்கும் போகவில்லை. பெற்ற பிள்ளையை மறந்தவள் நான் என்று ஏழு வருடம் முன்பு சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மருந்து கொடுத்தது இவள்தான். அப்போதும் சொல்லவில்லை.

இப்போது வேலையிலிருந்து ஓய்வு. அக்காவுக்குப் பரிசாக அதே மலையூரில் வீடு பிடித்திருப்பதாகத் தங்கை போன் செய்தாள். இத்தனை வருடமாக டியூட்டி, டியூட்டி என்று தட்டிக்கழித்தவளுக்கு இனி சொல்லச் சாக்கு இல்லை. உண்மையைச் சொல்லாமல் அந்தச் சாலையில் தங்கையோடு ஏற அவளால் முடியாது. சொன்னால் நெருக்கமாக மிச்சமிருக்கிற ஒரே உறவும் போய்விடும். மூன்றாம் நாள் காலையில் தங்கை வீட்டுக்குப் போனாள்.

கட்டில் முழுக்க ஸ்வெட்டர்கள் பரப்பிக் கிடந்தன. தங்கை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, அன்று ஏழு என்று தெரிந்துதான் எட்டு சொன்னேன் என்று சொல்லி முடித்தாள்.

தங்கை நிமிரவில்லை. "தெரியும்," என்றாள். "நீ கண்ணாடி வழியா என்னைப் பாத்தே. நான் கைகூட ஆட்டினேன்."

தங்கை கோபித்திருந்தாலாவது அக்கா தாங்கியிருப்பாள். "அப்போ அம்மாகிட்ட ஏன் சொல்லலை?" என்று அவள்தான் கேட்டாள், ஏதோ குற்றம் தங்கையுடையது போல.

தங்கை மடித்த ஸ்வெட்டரைப் பிரித்துத் திரும்ப மடித்தாள்.

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்க்கா. அம்மா கண்ணை மூடுற வரைக்கும் காத்திருந்தேன்."