ஸ்பேனர் அக்காவும் கம்மி டப்பாவும்

வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிற அந்தப் பெண்மணியை அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஸ்பேனர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தாறு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மெஷினைத் தனியாகத் தூக்கப்போய் முதுகு பிடித்துக்கொண்டது. வலி தேறியதும், முதுகு வலுப்பட எடை தூக்கிப் பழகச் சொன்னார் டாக்டர். தெருமுனை ஜிம்மில் சேர்ந்தவர், இன்று நூறு கிலோவைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு நிமிர்கிறார். தினமும் தசைக்கு வலு சேர்க்கும் கிரியேட்டின் பவுடரை ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கலக்கி மடக்கென்று குடிப்பார். அடியில் தங்குவதையும் விடமாட்டார், அலசிக் குடித்துவிடுவார்.

ஒரு நாள் ஜிம் ஓனர் பவுடர் டப்பாக்களைப் பின் அலமாரிக்குத் தள்ளிவிட்டு, முன்னால் கிரியேட்டின் கம்மிகளை, அதாவது அதே மருந்து கலந்த மெத்து மிட்டாய்களை, அடுக்கினார். கரடிக்குட்டி வடிவம், ஸ்ட்ராபெரி வாசனை. அக்கா ஒன்றை விரலால் நசுக்கிப் பார்த்து, இது பல் முளைக்காத பிள்ளைக்கா, பல் போன தாத்தாவுக்கா என்று கேட்டார். ஓனர் சிரித்து மழுப்பினார். பவுடர் கலக்கச் சோம்பல்படுகிறவர்கள் இதையாவது மறக்காமல் சாப்பிடுவார்கள் என்றார்.

"ஸ்பூனைத் தூக்கவே சோம்பேறித்தனம்னா, அப்புறம் எதைத் தூக்க இங்க வர்றாங்க?"

ஓனர் கல்லாப் பக்கம் நகர்ந்தார்.

அத்தோடு அவர் விட்டிருக்கலாம். மறு வாரம் வாசலில் ஒரு பேனர் தொங்கியது. அக்கா எடை தூக்கும் படம், பக்கத்தில் கம்மி டப்பா, கீழே 'என் பலத்தின் ரகசியம்'. அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் கத்தவில்லை. உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தை எல்லோர் காதிலும் விழும்படி நிதானமாகப் படித்தார். ஒரு கரடியில் ஒரு கிராம்கூட முழுசாக இல்லை. தன் ஒரு ஸ்பூன், அதாவது ஐந்து கிராமுக்கு ஈடாக ஆறு கரடி தின்ன வேண்டும், கூடவே ஆறு கரடியின் சர்க்கரையும் உள்ளே போகும் என்று கணக்கையும் சொன்னார். ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டிருந்தவர் இறங்கியே விட்டார்.

"அக்கா, வியாபாரத்துல மண்ணைப் போடாதீங்க" என்று ஓனர் குரலைத் தாழ்த்தினார்.

"நான் திங்காததைத் தின்னதா எழுதினது நீங்க தம்பி. பேனரை நீங்க இறக்குறீங்களா, நான் இறக்கட்டுமா?"

ஓனர் ஏணியைத் தேடிப் போனார்.

வீட்டில் வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. பேனரைப் பார்த்துப் பூரித்துப்போன கணவர் இரண்டு டப்பா வாங்கி வந்திருந்தார். ஜிம் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனிதர். சோபாவில் காலை நீட்டி, டிவி பார்த்தபடி கரடிகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார். உடம்பில் ஏதோ தெம்பு கூடின மாதிரி இருக்கிறது என்றும் சொன்னார்.

அக்கா அவரை வாசலுக்குக் கூட்டிப்போனார். வேனில் ரிப்பேருக்கு வந்த மெஷின் ஒன்று நின்றது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். நாலு எட்டு வைப்பதற்குள் அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்துகொண்டு, அந்தப் பவுடர் எப்படி இருக்கும் என்று மெல்லக் கேட்டார்.

"ருசின்னு ஒண்ணும் கிடையாது. குடிச்சிட்டு எடையும் தூக்கணும்."

அவர் உள்ளே போய் இரண்டாவது கம்மி டப்பாவைத் திறந்தார்.