போடி ரோட்டில் எங்கள் கரி வண்டி

உலகச் சண்டைக்கு இரும்பு வேண்டும் என்று போடி ரயில் பாதையைக் கழற்றிக்கொண்டு போனபோது எங்கள் பக்கத்தில் ஆளாளுக்கு ஒரு வருத்தம் இருந்தது. ஏலக்காய் வியாபாரிகள் மூட்டை போகவில்லையே என்று புலம்பினார்கள். என் வருத்தம் வேறு. என் மனைவி தேனியிலிருந்து அந்த ரயிலில்தான் போடிப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். பத்து மைல். ரயில் போனதும் பஸ்ஸை நம்ப வேண்டியதாயிற்று. பெட்ரோல் கிடைக்காத அந்தக் காலத்தில் பஸ்கள் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. ஓடின என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒன்பதரைக்கு மணி அடிக்கும். அதற்குப் பிறகு வருகிற டீச்சரின் பெயருக்கு நேரே ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் ஒரு கோடு விழும். பஸ்ஸின் புண்ணியத்தில் என் மனைவியின் பக்கம் குங்குமம் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. தீபாவளி லீவுக்கு முன்னால் தலைமை ஆசிரியை அவளைக் கூப்பிட்டுப் பேசினார். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

"பெரிய டீச்சர் முடிவாச் சொல்லிட்டாக. பொங்கல் வரைக்கும்தான் பொறுப்பாகளாம். அது கழிச்சு மூணு செவப்புக் கோடு விழுந்தா மேல எழுதிருவாகளாம். வேலை போயிரும்."

வேலை போனால் வீட்டோடு இருப்பாள், நல்லதுக்குத்தான் என்றார்கள் அக்கம்பக்கத்தில் எல்லோரும். மதுரைக்குப் போய் டிரெயினிங் முடித்து, அவள் வீட்டாரோடு மல்லுக்கட்டி வாங்கின வேலை அது. அது போனால் அவள் பாதி ஆளாகிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். போடிக்குக் குடிபோகலாம் என்றால், நான் தேனியில் ஒரு பஞ்சு மில்லில் எஞ்சின் பிட்டர். காலை ஆறு மணிக்கு எஞ்சினைக் கிளப்ப நான் அங்கே நிற்க வேண்டும். கிளப்பிவிட்டால் பதினொரு மணிவரை என்னை யாரும் தேட மாட்டார்கள். அந்த ஐந்து மணி நேரத்தை வைத்துத்தான் என் மூளை வேலை செய்தது.

போடி மலையடிவாரத்தில் ஒரு எஸ்டேட்காரரின் மாட்டுக் கொட்டகையில் பழைய பிளசர் கார் ஒன்று கிடந்தது. அவருடைய பம்பு எஞ்சினைச் சரிபார்க்கப் போனபோது பார்த்திருக்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய வண்டி. மடக்குக் கூரை கந்தலாகி, பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அவரிடம் போய், பம்பு எஞ்சினை ஓட்டிக் காட்டுகிறேன், கூலிக்குப் பதில் இந்த வண்டியைக் கொடுங்கள் என்றேன். அவர் கோழியைத் தவிர மற்றதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

இரண்டு மாடுகளைப் பூட்டித்தான் வீட்டுக்கு இழுத்து வந்தேன். கோடாங்கிபட்டி டீக்கடையில் இருந்த லாரி டிரைவர் ஒருவர் எழுந்து வந்து, "ரெண்டு மாட்டுச் சக்தியா இதுக்கு?" என்று கேட்டார். அந்த ஆளை மனதில் குறித்து வைத்துக்கொண்டேன். ஒரு நாள் இந்தக் கடை முன்னால் நிறுத்திப் பதில் சொல்வதாகச் சபதம். எனக்கு அப்படிப்பட்ட குணம் உண்டு.

வீட்டுக் கொல்லையில் இரண்டு மாதம் வேலை நடந்தது. எஞ்சினைப் பிரித்து முற்றத்தில் சாக்கு விரித்துப் பரப்பினேன். தேய்ந்துபோன பேரிங்குகளுக்கு ஈயம் உருக்கி ஊற்றியது எங்கள் சமையலறை அடுப்பில், அவளுடைய இரும்புக் கரண்டியில். புதுக் கரண்டி வாங்கித் தருகிறேன் என்று சொன்னது இன்னும் பாக்கி நிற்கிறது. சக்கரத்தின் மரக்கம்புகள் காய்ந்து ஆடின. மாட்டு வண்டிக்காரர்கள் செய்கிற மாதிரி நான்கையும் கழற்றி வாய்க்காலில் இரண்டு நாள் ஊறப் போட்டேன். ஊறி இறுகிக்கொண்டன. கூரைக்கு மில் படுதா. சீட்டுக்குள் போடி இலவம்பஞ்சை நானே அடைத்தேன். டயர் எங்கேயும் கிடைக்காத காலம். லாரி டயரை வெட்டி உள்ளே ஒட்டுப்போட்டு நான்கையும் உருட்டினேன்.

பெட்ரோலுக்கு என்ன செய்வது என்று எல்லோரும் கேட்டார்கள். எங்கள் மில் எஞ்சினே கரிவாயுவில் ஓடுகிறதுதான். அதைப் பத்து வருஷம் கட்டி மேய்த்தவனுக்கு வண்டிக்கு ஒரு சின்ன அடுப்பு செய்யத் தெரியாதா? எண்ணெய் டிரம் ஒன்றை வண்டியின் பின்னால் நிமிர்த்திக் கட்டினேன். உள்ளே கரி, அடியில் நெருப்பு. அதிலிருந்து வருகிற வாயுவைக் குழாயில் முன்னுக்குக் கொண்டுவந்து, சாம்பலும் தூசியும் எஞ்சினுக்குள் போகாமல் ஒரு தகரப் பெட்டியில் வடிகட்டி அனுப்ப வேண்டும். கிளப்புவதற்கு மட்டும் கையளவு பெட்ரோல் போதும். கடமலைக்குண்டு சந்தையில் கரி மூட்டை மூட்டையாகக் கிடைத்தது.

பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் வண்டி தேர் மாதிரி கிளம்பியது. நான் சலவை மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தேன். அவள் மடியில் பையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது மைலில் அவள் சொன்னாள்.

"என்னமோ கருகுற வாடை அடிக்குதுங்க."

"கரி வண்டியில கருகுற வாடை அடிக்காம மல்லிகைப்பூ வாடையா அடிக்கும்?" என்றேன்.

இன்னும் ஒரு பர்லாங் போவதற்குள் வடிகட்டும் பெட்டியிலிருந்து புகை சுருள் சுருளாக வந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே நெருப்புக் கங்கு. பெட்டிக்குள் நான் எதைத் திணித்திருந்தேன் என்று இப்போது சொல்லித்தானே ஆக வேண்டும். பஞ்சு. மில்லில் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த சுத்தமான பஞ்சு. தூசியைப் பிடிக்க அதைவிட நல்ல சாமான் இல்லை என்று நினைத்தேன். மில்லுக்குள் பீடி பற்ற வைத்த ஒரு ஆளைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியவன் நான். அதே நான் நெருப்புக்குப் பக்கத்தில் பஞ்சை அடைத்து, இரண்டுக்கும் நடுவே குழாயும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். எங்களைக் கடந்து போன பஸ்ஸில் இடம் இல்லை. அவள் ஒரு மாட்டு வண்டியில் ஏறிப் போனாள். முதல் சிவப்புக் கோடு அன்று விழுந்தது.

சாயங்காலம் அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் திட்டி ஆறியிருப்பேன். அவள் பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நார் ஒரு பந்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இதை அலசி, ஈரமா அடைச்சுப் பாருங்க. தூசி ஒட்டும், தீ ஒட்டாது. பஞ்சு மில்லுல இருக்கிறவுகளுக்குப் பஞ்சு எரியும்னு நான் சொல்லித் தரவா?"

நார் பிரமாதமாக வேலை செய்தது. அது மட்டுமா, அடுப்பு மூட்டுவதும் அவள் கைக்குத்தான் வந்தது. நான் கரியைத் தள்ளித் தள்ளி அரை மணி ஊதுவேன். அவள் கரியைக் கொட்டைப்பாக்கு அளவுக்கு உடைத்து, காற்றுக்கு இடம் விட்டு அடுக்கி, பத்து நிமிஷத்தில் நல்ல வாயுவுக்கு அடையாளமான நீலச் சுடர் வரவழைப்பாள். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது.

வண்டி ஓட்டவும் அவள் கேட்டாள். ரயில் தண்டவாளம் எடுத்த பாதை எங்கள் மில்லுக்குப் பின்னால் வெறுமனே கிடந்தது. ஊர்க்காரர்கள் ஜல்லியை வாரிக்கொண்டு போன இடத்தில் மண் தரை, நேராக, மேடு பள்ளமில்லாமல், எதிரே ஒரு ஆடுகூட வராமல். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கற்றுக்கொடுத்தேன். நான் கத்துவேன். ஒருமுறை அவள் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி நின்றுகொண்டாள். "சத்தம் போடாமச் சொன்னா ஏறுறேன்" என்றாள். வெயிலில் கால் மணி நேரம் நின்றோம். பிறகு சத்தம் போடாமல்தான் சொன்னேன். அவளை ஏற்றிப்போன ரயிலின் பாதையிலேயே அவள் ஓட்டிப் பழகியதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. ஆனால் போடி ரோட்டில் ஓட்டுவது நான்தான். அதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை.

ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. அவளை இறக்கிவிட்டு நான் பதினொன்றுக்குள் மில்லுக்குத் திரும்புவேன், சாயங்காலம் அவள் பஸ்ஸில் வருவாள். பிறகு ஒரு நாள் கோடாங்கிபட்டிக் கடை முன்னால் அந்த லாரி டிரைவர் நின்றிருந்தார். எஞ்சினும் அப்போது பார்த்து லேசாக இருமியது. காற்று வால்வைப் பார்க்கலாம் என்று நிறுத்தினேன். பானெட்டைத் திறந்தேன். கூட்டம் கூடியது. எந்த மாட்டுச் சக்தியில் ஓடுகிறது என்று அவரையே குனிந்து பார்க்கச் சொன்னேன். அவர் இரண்டு கேள்வி கேட்டார், நான் நான்கு பதில் சொன்னேன். எல்லாம் ஐந்து நிமிஷம்தான். அவள் முன் சீட்டில் உட்கார்ந்தபடி, "நேரமாகுதுங்க" என்று இரண்டு முறை சொன்னதாக ஞாபகம். பள்ளிக்கூட வாசலில் இறங்கி ஓடியவள் மணி அடித்து முடிந்த பிறகுதான் உள்ளே போனாள். இரண்டாவது கோடு.

தாமதத்துக்குக் காரணம் கரியில் இருந்த ஈரம் என்று நான் தீர்மானித்தேன். அடுத்த சந்தைக்குக் கடமலைக்குண்டு போய்க் கரிக்காரரிடம் சண்டை போட்டேன். "இங்கன விக்கிற கரியில ஈரம்னு சொன்ன மொத ஆளு நீருதான்" என்றார் அவர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருந்தாலும் வேறு கடை இல்லாததால் அவரிடமே நான்கு மூட்டை வாங்கி வந்தேன்.

மாசிக் கடைசியில் எனக்கு மலைக்காய்ச்சல் வந்தது. பல் கிடுகிடுவென்று அடித்தது. கம்பளி இரண்டைப் போர்த்தியும் குளிர் நிற்கவில்லை. அன்று பார்த்துப் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டரம்மா வருகிறார். மூன்றாவது கோடு விழுந்தால் அவர் கண் முன்னாலேயே விழும். மில்லுக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன், தலை சுற்றிப் படுத்தேன்.

"பஸ்ஸுல போயிரு" என்றேன்.

"பஸ்ஸை நம்புனா வண்டி எதுக்கு?" என்றாள். எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள்.

கண்ணை மூடிக்கொண்டு காதால் பார்த்தேன். கரி உடைக்கிற சத்தம். அடுப்பை ஊதுகிற விசிறியைச் சுற்றுகிற சத்தம். அப்புறம் எஞ்சின் ஒரு முறை தும்மி, சீராக வந்தது. பெட்ரோலிலிருந்து வாயுவுக்கு மாற்றும்போது நான் மாற்றினால் ஒரு குலுக்கல் இருக்கும். அவளுக்கு அது இல்லை. தெரு முனையில் கியர் மாற்றினாள், பல் கடிக்கவில்லை. சத்தம் போடி ரோட்டுப் பக்கம் தேய்ந்து போகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. ரோட்டில் எங்காவது நின்றுபோய், அவள் தனியாக மூடியைத் திறந்துகொண்டு நிற்பதாகவே பகலெல்லாம் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

சாயங்காலம் வண்டி வந்து நின்றது. அவள் முகத்தில் கரி, புடவையில் கரி. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்குப் போய்ச் சேந்த?"

"ஒம்பதே காலுக்கு. பள்ளிக்கூடக் கதவே தொறக்கல. வண்டியிலேயே இருந்தேன்."

"நேரத்தோட கெளம்பிட்டியா?"

"எப்பவும் போல எட்டரைதான்."

"கரி?"

"அதே கரிதான். நீங்க சண்டை போட்ட கரி."

"எஞ்சின் இருமல?"

"கோடாங்கிபட்டிக்கிட்ட இருமுச்சு. வால்வைக் கொஞ்சம் திருகுனேன், ஓட்டிக்கிட்டே. சரியாப் போச்சு."

"எங்கனயும் நிறுத்தலயா?"

"எதுக்கு நிறுத்தணும்?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தைத்தது. இரண்டாவது கோட்டைக் கரியும் போடவில்லை, வால்வும் போடவில்லை. அதைப் போட்டவன் கம்பளிக்குள் கிடந்தான். அவள் இத்தனை நாள் அதைச் சொல்லிக் காட்டாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். வெட்கத்தில் காய்ச்சல் இன்னும் ஒரு டிகிரி ஏறியிருக்கும்.

காய்ச்சல் விட்டு ஒரு வாரம் கழித்து நான் மறுபடி வண்டிக்கு வந்தேன். அவள் வழக்கப்படி இடது பக்கக் கதவைத் திறக்கப் போனாள். நான் முந்திக்கொண்டு அங்கே ஏறி உட்கார்ந்தேன். அவள் சுற்றி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கோடாங்கிபட்டியில் லாரி டிரைவர் கையைத் தூக்கினார். நானும் கையைத் தூக்கினேன். வண்டி வேகம் குறையவில்லை.

ஒன்பதே காலுக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றோம். கதவு பூட்டியிருந்தது. அவள் பையிலிருந்து பிள்ளைகளின் நோட்டுகளை எடுத்து ஸ்டியரிங் மேல் வைத்துத் திருத்த ஆரம்பித்தாள். எஞ்சின் டிக் டிக் என்று சூடு ஆறிக்கொண்டிருந்தது. இரண்டாவது சிலிண்டர் பக்கம் லேசாக ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. கதவு திறக்கிறவரை பானெட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.