மேலே மடித்த படம்

அரியலூர்ப் பள்ளிக்கூட மைதானத்துப் பந்தலில் தொங்கிய அந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் கண்முன் வருவது அதன் மடிப்புத்தான். துணி ஒட்டிய தடித்த காகிதம். கறுப்பு மையில் கட்டமும் வட்டமுமாக வரைந்தது. மேல்பக்கம் ஒரு முழ அளவு பின்னால் மடித்து நான்கு குண்டூசி குத்தியிருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு அப்படி ஒரு மடிப்பு இருப்பதே தெரியாது. படமே அவ்வளவுதான் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. மடித்த அந்த ஒரு முழத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வரைந்தவருக்கும் தெரியும். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. வயதானால் கோபம் தணிந்துவிடும் என்கிறார்கள். எனக்குத் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் யாரிடமும் வேண்டிக்கொள்ளவும் இல்லை.

அவரை எங்கள் பக்கத்தில் வம்சாவளி டாக்டர் என்பார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் ஜனங்கள் அலைந்துகொண்டிருந்தபோது, பட்டணத்திலிருந்து இவர் மட்டும் பரம்பரையாக வரும் குழந்தை வியாதிகளை ஆராய்கிறேன் என்று வந்து சேர்ந்தார். அரியலூரில் ரயிலடிக்குப் போகும் தெருவில் இரண்டு அறை எடுத்து, வாரத்தில் இரண்டு நாள் குழந்தைகளைப் பார்த்தார். மற்ற நாட்களில் செந்துறை, ஏலாக்குறிச்சி என்று ஊர் ஊராகப் போய், யார் யாரைக் கட்டினார்கள், யாருக்கு எத்தனை பிள்ளை, எது தங்கியது, எது தங்கவில்லை என்று கேட்டு எழுதிக்கொள்வார். "பொண்ணு பாக்க வந்த தரகன்கூட இம்புட்டுக் கேக்க மாட்டான்" என்று பெண்கள் சிரிப்பார்கள். அக்காள் மகளைக் கட்டுவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். என் அப்பா கட்டியதும் தன் அக்காள் மகளைத்தான். அப்படிப்பட்ட குடும்பம் என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. செந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பெரிய வீடு எங்களுடையது, வீட்டுக்குப் பெரியவர் என் பெரியப்பா. அதனால் எங்கள் பக்கம் வந்தால் அவர் தங்குவதும் எங்கள் வீட்டில்தான்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். என் தம்பியின் உயிரை ஒருமுறை அவர் காப்பாற்றினார். குலதெய்வம் கோயிலில் தம்பிக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். ஆசாரி குத்தின இடத்தில் ரத்தம் சொட்டுச் சொட்டாக வந்தது, நிற்கவே இல்லை. மஞ்சள் வைத்தார்கள், காப்பிப்பொடி வைத்தார்கள், சாமிக்கு என்ன குறை வைத்தோமோ என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இரண்டாம் நாள் தம்பி வெளுத்துப்போய்ப் பேச்சில்லாமல் கிடந்தபோது டாக்டர் வந்தார். துணியை மடித்துக் காதுமடலில் வைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் பிடித்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு வேளையிலிருந்து விளக்கு வைக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்கூட அம்மாதான் அவர் வாயில் ஊற்றினாள். ரத்தம் நின்றது. அம்மா அவர் காலில் விழுந்து எழுந்தாள். அன்று முதல் கெட்டித் தயிர் அவருக்கு, முதல் வெந்நீர் அவருக்கு. பிறகு அவர் செய்ததைத் தெரியாத ஒருவன் செய்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் மறக்க முடியவில்லை.

படத்தை அவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் தரையில் விரித்துத்தான் வரைந்தார். காகிதம் சுருளாமலிருக்கத் தம்பி தன் கல் நத்தைகளை நாலு மூலையிலும் வைத்தான். எங்கள் பக்கத்துக் கரம்பு நிலத்தில் மழை பெய்து ஓய்ந்தால் மண்ணுக்கு மேலே கிடைக்கும், நத்தை மாதிரியே சுருண்ட கல். அவனுக்கு ஓடியாடும் விளையாட்டு கிடையாது, அடிபடக் கூடாது. அதனால் அதைப் பொறுக்குவதுதான் அவனுக்கு விளையாட்டு. பெரியப்பா சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு, டாக்டர் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார் போலிருக்கிறது. தனக்கு என் அப்பாவைத் தவிர இன்னொரு தம்பி இருந்ததையும், சின்ன வயதில் பல் விழுந்து ரத்தம் நிற்காமலே அவன் செத்துப்போனதையும் அவர் வாயாலேயே சொன்னார். டாக்டரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பண்டிகைக்குப் புதுச்சட்டை வாங்கின பிள்ளை முகம். உடனே அங்கே ஒரு கட்டம் போட்டுக் கறுப்பாக அடைத்தார். வாய் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் விளக்கினார். "கட்டம்னா ஆம்பிளை, வட்டம்னா பொம்பளை. கறுப்பா அடைச்சா வியாதி. வட்டத்து நடுவுல பொட்டு வச்சா, அவங்களுக்கு வியாதி இல்லே, ஆனா அவங்க மூலமா பிள்ளைக்குப் போகும்." உச்சியில் அப்பத்தாவின் வட்டத்தில் ஒரு பொட்டு வைத்தார். அதற்குக் கீழே பெரியப்பாவின் அக்காவுக்கு, அதாவது என் அம்மாவைப் பெற்றவளுக்கு, ஒரு பொட்டு. அதற்கும் கீழே என் அம்மாவுக்கு ஒன்று. கடைசியில் தம்பிக்குக் கறுப்புக் கட்டம். அப்பத்தாவும் அம்மாவைப் பெற்றவளும் நான் பிறக்கும் முன்பே போய்விட்டவர்கள். இந்த வீட்டு ரத்தம் இந்த வீட்டுக்கே சுற்றி வந்திருக்கிறது என்பது அந்தக் கோடுகளில் எனக்கே புரிந்தது.

அடுத்த மாதம் அரியலூரில் சுகாதார வாரம் கொண்டாடினார்கள். குழந்தைக் கண்காட்சி, டாக்டரின் பிரசங்கம், கடைசியில் பரிசு. பெரியப்பாதான் விழாத் தலைவர். போவதற்கு முதல் நாள் காலை, படத்தைக் கூடத்துச் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

"ஏங்க டாக்டரு, எங்க ஆத்தாவக் கொண்டுபோயிச் சந்தியில தொங்க விடணுமா?"

"பேரு எதுவும் எழுதலீங்களே, வெறும் வட்டம்தானே."

"வட்டம்னா? உச்சியில இருக்கிறது யாருன்னு ஊருக்குத் தெரியாதா? நான் தலைவரு, எம் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். எதற்கு மனம் இல்லையோ அதைச் செய்வதற்கு முன்னால் அப்படித் துடைப்பார். "சரிங்க. மேல ஒரு மடிப்பு மடிச்சுக்கலாம். கீழ இருக்கிறதே போதும், விஷயம் புரியும்" என்றார். அவரே மடித்தார். அவரே குண்டூசி குத்தினார். காகிதத்தின் உச்சிக்கு இப்போது அம்மாவுக்கு ஜோடியாக இறக்கி வரைந்த என் அப்பாவின் வெறும் கட்டமும், பொட்டு வைத்த என் அம்மாவின் வட்டமும் வந்துவிட்டன.

கண்காட்சியில் கைக்குழந்தைகளைத் தராசுத் தட்டில் உட்காரவைத்து நிறுத்தார்கள். கொழுகொழுவென்று இருந்த குழந்தைக்கு வெள்ளித் தம்ளர் கொடுத்தார்கள். கைதட்டி ஓய்ந்த பிறகு டாக்டர் மேடைக்கு வந்தார். நல்ல குழந்தையைப் பார்த்தீர்கள், இனி இதைப் பாருங்கள் என்கிற மாதிரி, என் தம்பியைக் கூப்பிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பேர் எழுதவில்லையாம், பெரிய நாகரிகம். பிள்ளையையே நிறுத்திவிட்டால் பேர் எதற்கு? உள்ளே ரத்தம் கசிந்து வீங்கின தம்பியின் முழங்காலைக் காட்டினார். பிறகு குச்சியால் படத்தில் அம்மாவின் வட்டத்தைத் தட்டி, "இது தாய் வழியா மட்டுமே வர்ற வியாதி. இதோ, இங்கிருந்து இங்கே" என்றார். பெண்கள் பக்கத்தில் அத்தனை தலையும் திரும்பின. என் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் தன் குழந்தையை மடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். மேடையில் தம்பி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். பரிசு கொடுக்கத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்துவிட்டான்.

வண்டியில் திரும்பும்போது நான் அம்மாவின் காதில் சொன்னேன், மேலே மடித்திருக்கிறார்கள் என்று, யார் யாரை மடித்தார்கள் என்று. வீடு வந்து சேர்வதற்குள் சேதி எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது. அம்மாவுக்கு இனிமேல் பிறக்கிறதும் இப்படித்தான் பிறக்கும், வம்சம் அழிந்துவிடும் என்று பங்காளிகள் கூடிப் பேசினார்கள். பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "எங்க அக்கா தங்கம். இது அரும்பாவூரு ரத்தம், இவ அப்பன் வழி. புள்ளையக் கூட்டிக்கிட்டு அவ அப்பன் வூட்டுக்கே போவட்டும். எந் தம்பிக்கு வேற பொண்ணு பாத்துக் கட்டிக்கலாம்." பெரியப்பா அம்மாவுக்குச் சொந்தத் தாய்மாமன். அவள் காதுகுத்துக்கு மடியில் வைத்துக்கொண்டவரே அவர்தான். என் அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

இரவு எங்கள் வீட்டில் தங்கிய டாக்டர் மறுநாள் காலை பட்டணத்து ரயிலுக்குப் புறப்பட்டார். படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். ஆண்கள் இருக்கும் கூடத்துக்கு அம்மா அதுவரை வந்ததே இல்லை. அன்று வந்து நடுவில் நின்றாள்.

"ஐயா, மேல மடிச்சு வச்சிருக்கீங்களாம். அத ஒரு தடவ பிரிச்சு எங்க மாமாவுக்கும் இவுகளுக்கும் காட்டிட்டுப் போங்க. வேற ஒண்ணும் வேணாம்."

டாக்டர் பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில இருக்கிற விஷயம்மா. இப்ப முடிவா ஒண்ணும் சொல்ல முடியாது."

முந்தின நாள் ஆயிரம் பேர் நடுவில் குச்சியால் தட்டி முடிவாகச் சொன்னவர் அவர். தம்பி நொண்டிக்கொண்டே வந்து ஒரு கல் நத்தையை அவர் கையில் கொடுத்தான். வெட்கமில்லாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். பட்டணத்தில் பெரிய டாக்டர்கள் கூடின இடத்தில் அந்தப் படத்தை அவர் பிரித்துத்தான் மாட்டியிருப்பார். முழுசாகக் காட்டினால்தானே அங்கே மரியாதை. மடிப்பு எங்களுக்கு மட்டும்தான்.

அன்று மத்தியானமே அம்மாவும் தம்பியும் வண்டியேறினார்கள். என்னை விடவில்லை, வீட்டு வேலைக்குப் பெண்பிள்ளை ஒன்று வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் தம்பி அரும்பாவூரில் வாய்க்கால் மேட்டில் வழுக்கி விழுந்தான். தலையில் அடி, வெளியே ஒரு காயமும் இல்லையாம். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அதற்குள் எங்கள் வீட்டுக்குச் சித்தி வந்துவிட்டிருந்தாள். நான் முட்டி மோதிப் படித்து, வாத்தியார் வேலை கிடைத்த மாதமே போய் அம்மாவை அழைத்து வந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லித்தான் கல்யாணம் செய்துகொண்டேன், அதற்குச் சம்மதித்த மனிதரைத்தான். அம்மா அந்த டாக்டரைத் திட்டி நான் கேட்டதில்லை. கடைசிக் காலத்தில் ஒரு நாள் தானாகச் சொன்னாள். "சாயங்காலம் வரைக்கும் காதப் புடிச்சுக்கிட்டு இருந்த கை. நாலு ஊசிய எடுக்கவா வலிச்சுது?"

இப்போது என் மகளின் பிள்ளைக்கும் அதே வியாதி. இன்றைக்கு அதற்கு ஊசி இருக்கிறது, மருந்து இருக்கிறது. பயல் சைக்கிள் ஓட்டுகிறான். பட்டணத்துப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு சின்ன டாக்டர் பெண் என் மகளை உட்காரவைத்து, அதே கட்டம், அதே வட்டம் வரையத் தொடங்கினாள். என் வட்டம் வரைந்தாள், அம்மா வட்டம் வரைந்தாள், பொட்டு வைத்தாள். "இது போதும் பாட்டி" என்று பேனாவை மூடினாள். "போதாது, குடும்மா" என்று வாங்கி மீதியை நானே வரைந்தேன். வாத்தியாரம்மா கை, கோடு நேராகத்தான் வந்தது.

அவர்களும் வருஷத்துக்கு ஒருமுறை விழா நடத்துகிறார்கள். பலூன், மேஜிக், பிள்ளைகளுக்குச் சாப்பாடு. எங்கள் வீட்டுப் படத்தைத் திரையில் காட்டலாமா என்று அந்தப் பெண் கேட்டபோது நான் இரண்டு நிபந்தனை போட்டேன். பயலை மேடையில் நிறுத்தக் கூடாது. படத்தில் எந்த இடத்தையும் மறைக்கக் கூடாது. அவள் இரண்டுக்கும் சம்மதித்தாள், ஆனாலும் நான் அவளை நம்பவில்லை. முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். விளக்கை அணைத்தார்கள். படம் வந்தது. நான் கீழே பார்க்கவில்லை, மேலேதான் பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் அடுத்த படத்துக்குப் போகப் பார்த்தாள். "இரும்மா, கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றேன், கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே. இருந்தது. அம்மாவுக்கு மேலே இரண்டு வட்டங்கள் இருந்தன.