ஊசி முனை போன இடம்

குழந்தைக் கவுன்களைக் கட்டோடு என் மூஞ்சியில் எறிந்தான். ஒன்று விழுந்தால் வலிக்காது, பஞ்சு மாதிரித் துணி. கட்டாக வந்து விழுந்தால் மூக்கில் ரத்தம் வரும். எனக்கு வந்தது.

"ஏ மூதி, இது கவுனுக்குக் கையா, கோணிப்பை வாயா? பிரிச்சுத் தைட்டி" என்றான் சூப்பர்வைசர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். லைனில் இருந்த எல்லாப் பொம்பளைகளும் அவனுக்கு மூதிதான். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு மெஷினை மிதித்துக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அது வராது. "எறியாம சொன்னா எனக்குக் காது கேக்காதா?" என்றேன். உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு கொட்டு விழுந்தது. மோதிரம் போட்ட கை.

ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது அந்தக் கம்பெனி. வெளிநாட்டுக் குழந்தைகளுக்குத் துணி தைத்து அனுப்புவார்கள். சூளகிரிக்கு உள்ளே இருந்த எங்கள் ஊருக்கே வேன் வரும். நாலு வழி ரோடு போட்டுக்கொண்டிருந்த காலம், போய் இறங்குவதற்குள் தலையெல்லாம் செம்மண். நான் பிசிறு நூல் வெட்டுகிற ஹெல்பர். ஒரு மாசம் மெஷினில் உட்கார வைத்துப் பார்ப்போம், கை படிந்தால் டைலர், படியாவிட்டால் வீட்டுக்கு என்று சொல்லித்தான் அந்த சீட்டைக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அம்மாவின் தம்பி அஞ்செட்டிப் பக்கம் இருந்தான். கட்டின பெண்டாட்டியை விறகுக் கட்டையால் அடித்து இடது கையை ஒடித்தவன். அவள் அதே கையைத் தூக்கிக்கொண்டு அப்பன் வீட்டுக்கு ஓடிப்போனாள். இப்போது அவனுக்கு இன்னொருத்தி வேண்டும், முறைப்பெண் நான் இருக்கிறேன். அங்கே போய்விட்டால் ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ பஸ், கத்தினால் காட்டுக்குத்தான் கேட்கும். "டைலர் ஆயிட்டா அப்புறம் பாக்கலாம். நூலு வெட்றவள எதுக்கு வூட்ல வச்சினு இருக்கணும்?" என்று அப்பா சொல்லிவிட்டார். ஆக எனக்கு அந்த ஒரு மாசம்தான்.

முதலில் காகிதத்தில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். நூல் கோக்காமல் கோட்டின் மேலேயே ஊசியை ஓட்ட வேண்டும். அது கரண்டு மெஷின், காலை லேசாக வைத்தாலே பிய்த்துக்கொண்டு ஓடும். நேர்க்கோடு இரண்டு நாளில் வந்துவிட்டது. வளைவுதான் என்னைக் கொன்றது. பெரியவர்கள் சட்டைக்குக் கை ஏற்றுவது பெரிய ரோட்டில் வண்டியைத் திருப்புகிற மாதிரி. மூணு மாசக் குழந்தைக்கு ஏற்றுவது சந்துக்குள் திருப்புகிற மாதிரி. வட்டம் அவ்வளவு சின்னது. துணியைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும், விரல் ஊசியை ஒட்டியே நகரும். கொஞ்சம் இழுத்தால் சுருக்கம் விழும், விட்டால் கோணிப்பை. நான் தைத்ததை நானே பிரிப்பேன், பிரித்ததில் துணி ஓட்டையாகும், அதற்கு ஒரு கொட்டு. ராத்திரி தலை வாரினால் சீப்பு பட்ட இடமெல்லாம் வலிக்கும். அவன் செத்துப்போக வேண்டும் என்று வேனில் உட்கார்ந்து தினமும் வேண்டிக்கொள்வேன்.

மாசம் முடியப் போகிற சமயம். கை ஓரளவு ஓடத் தொடங்கியிருந்தது. பாதி வட்டம் திருப்பியிருந்தேன். பின்னால் வந்து நின்றவன், "இன்னுமா அதே பீஸு?" என்று பண்டலால் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். உடம்பு முன்னால் போனது, கால் அழுந்தியது. ஊசி இடது ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கி, படக்கென்று முறிந்தது.

கத்தினேனா என்று ஞாபகமில்லை. அவன் கத்தியது ஞாபகம் இருக்கிறது. "ஊசி போச்சு, லைனை நிறுத்து."

அங்கே அதுதான் சட்டம். குழந்தை துணியை வாயில் வைத்துச் சப்பும். அதனால் ஊசி முறிந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி, முழு ஊசியோடு வைத்து நீளம் சரிபார்த்து, அட்டையில் ஒட்ட வேண்டும். அதுவரை புது ஊசியும் கிடையாது, லைனும் ஓடாது. சரியான சட்டம்தான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். மெஷினில் மேல்துண்டு இருந்தது. கீழே நடுத்துண்டு கிடந்தது. முனையைக் காணோம்.

பீஸ்களை உதறினான், கிழித்தான், என் சேலையை உதறச் சொன்னான். வேலை நின்றுபோன கோபத்தில் பக்கத்து சீட்டுக்காரிகள் என்னைத்தான் திட்டினார்கள். "விரலுக்குள்ள இருக்குது, குத்துது" என்றேன். "நாடகம் போடாத" என்று விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு உதறினான். ரத்தம் துணியில் பட்டதற்குக் கன்னத்தில் ஒரு அறை. லைனில் இருந்த துணி முழுவதையும் ஊசி கண்டுபிடிக்கிற மெஷினுக்குள் ஓட்டினார்கள். அது முனகக்கூட இல்லை.

செக்கிங்கில் ஒரு கன்னடக்கார அக்கா இருந்தாள். யாரிடமும் பேச மாட்டாள். எழுந்து வந்து, "பா இல்லி", இங்கே வா என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், விரலை அந்த மெஷினில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்து கீச்சென்று கத்தியது.

யாரோ சிரித்தார்கள். சூப்பர்வைசர் மூஞ்சியில் அப்படி ஒரு நிம்மதி. துணியில் இல்லை, பொம்பளை விரலில்தான் இருக்கிறது. இடுக்கியை எடுத்துக்கொண்டு வந்து என் கையை மேஜையில் வைத்து அழுத்தினான். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் முனை அங்கேயே போய்விடும், அட்டையில் ஒட்ட என்ன இருக்கும்? நோண்டினான். இரண்டாவது தரம் நோண்டியபோது அவன் முழங்காலில் எட்டி உதைத்தேன். "என் கைய வுடுடா. நானே எடுக்கறேன்."

தையல் பிரிக்கிற பிளேடால் நகத்தோரம் கீறினேன். கண்ணில் தண்ணி முட்டியது, துடைக்க இன்னொரு கை இல்லை. இடுக்கியால் இழுத்தேன், வந்தது. கழுவாமல் அப்படியே அவன் சட்டைப்பையில் போட்டேன். முழு ஊசியோடு வைத்துப் பார்த்தான். "நீளம் சரி. லைன் ஓடட்டும்" என்றான்.

"எனக்கு ஊசி குடு."

"கைக்கு மருந்து போட்டுட்டு வாட்டி."

எழுந்து போனால் அந்த சீட்டில் இன்னொருத்தி உட்காருவாள். நான் பார்க்காததா? "ஊசி குடு" என்றேன் மறுபடி. விரலில் வெட்டுத்துணியைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கிழித்துக் கட்டி, அந்தப் பச்சைக் குழந்தையின் கவுனுக்குக் கை ஏற்றினேன். விரல் விண்விண் என்று தெறித்தது. வட்டம் முழுதும் ஒரே ஓட்டம், ஒரு சுருக்கம் இல்லை. அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நல்ல பீஸ் குவியலில் போட்டான். "நாளையிலேர்ந்து இந்த சீட்டு ஒனக்குத்தான்" என்றான், நொண்டிக்கொண்டே போனான். சந்தோஷப்படத்தான் வேண்டும். எனக்கு அந்தப் புது ஊசியை அவன் கண்ணில் ஏற்ற வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்குப் போனால் மாமன் உட்கார்ந்திருக்கிறான். தட்டில் வெற்றிலை, பூ, ஒரு சேலை. குடித்திருந்தான். "இன்னா கட்டு?" என்று கையைப் பிடித்தான். சொன்னேன். "தையக்காரியா நீ?" என்று சிரித்துக்கொண்டே அந்த விரலை நசுக்கினான். வலிக்கிறதா என்று என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே நசுக்கினான்.

இன்னொரு கையில் டிபன் கேரியர் இருந்தது. அதாலேயே அவன் வாயில் ஓங்கி அடித்தேன். பல் ஒன்று தரையில் விழுந்தது. இன்னொரு அடியும் போட்டேன். அது கோபத்துக்கு இல்லை, ஆசைக்கு.

அப்பா மாட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்த மச்சானை அடித்தவளை எந்த அப்பன் விடுவான்? நான் ஓடவில்லை. காலையிலிருந்து அடி வாங்கி எனக்குப் பயமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"அடி. ஆனா கைய மட்டும் வுட்டுட்டு அடி. என்ன டைலர் ஆக்கிட்டாங்க, காலைல ஷிப்டுக்குப் போவணும்" என்றேன்.

கயிறு தூக்கினபடியே நின்றார். "நெஜமாவா?" என்று கேட்டார். "ம்" என்றேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டேன்.

அடித்தார். முதுகில், தொடையில், கெண்டைக்காலில். கயிறு ஒவ்வொரு தரமும் இறங்கினபோது அவர் கண் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு அடிகூட அதில் படவில்லை. வாசல்படியில் அழுதுகொண்டிருந்த அம்மாவும் அதைப் பார்த்தாள். அழுகையை நிறுத்தினாள். வெற்றிலைத் தட்டை எடுத்துத் தம்பியின் மடியில் வைத்து, "நீ ஊருக்குக் கெளம்பு" என்றாள்.