மருதாணியை வெளுக்கப் போன கவுஸ் பாஷா

தருமபுரியில் ஈயம் பூசுகிற கவுஸ் பாஷாவை அறியாத அடுப்பங்கரை அந்தக் காலத்தில் இல்லை. ஆளைப் பார்க்காதவர்களுக்கும் குரல் தெரியும். குமாரசாமிப்பேட்டை முனையில் நின்று "ஈயம் பூசறதே" என்று ஒரு இழுப்பு இழுத்தாரானால், மூன்றாவது தெருவில் தூளியில் தூங்குகிற குழந்தை எழுந்து அழும். அழட்டுமே, அவருக்கென்ன. பித்தளை அண்டாவுக்குள் இறங்கி நின்று, மணலும் புளியும் போட்டு, இடுப்பை ஒடித்து ஒடித்துக் காலால் தேய்ப்பார். பத்து வருஷக் களிம்பும் கழன்று ஓடும். "எப்பேர்ப்பட்ட கறையா இருந்தாலும் நம்ம கைக்கு வந்துட்டா ஒரு மணி நேரந்தானுங்க" என்பார். பெருமைதான். வேலை சுத்தமாக இருந்ததால் ஊர் அதைப் பொறுத்துக்கொண்டது.

எழுத்து வாசனை மட்டும் அவருக்குக் கிடையாது. அது ஒரு குறை என்று அவர் நினைத்ததும் கிடையாது, அந்தத் தகரப் பலகை வரும்வரை. வீட்டு வாசலில் மாட்டுவதற்காக 'இங்கு ஈயம் பூசப்படும்' என்று ஒரு பலகை எழுதி வாங்கிவந்து, தானே ஆணி அடித்து மாட்டினார். எட்டு நாள் அது தலைகீழாகத் தொங்கியது. வாத்தியார் போனார், தபால்காரர் போனார், வக்கீல் குமாஸ்தா போனார். ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. படித்தவர்களுக்கு அப்படி என்ன அவசரமோ. ஒன்பதாம் நாள், ஒன்றாம் வகுப்பில் இருந்த அவருடைய இளைய மகள் வஹிதா வாசலில் நின்று குனிந்து, இரண்டு கால்களுக்கு நடுவே தலையை விட்டு, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அப்பா, பலகை சிரசாசனம் பண்ணுது" என்றாள். அன்றைக்கு முடிவு செய்தார் மனிதர். இந்தப் பெண் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிக்கும். தடுக்கிறவன் தடுத்துப் பார்க்கட்டும்.

தடுக்கிறவர்களுக்கா பஞ்சம்? சொந்தத்தில் ஒவ்வொருவரும் தடுத்தார்கள். பெண் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு, அதுவும் கன்னியாஸ்திரீகளிடமா என்றார்கள். கவுஸ் பாஷா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்து விடுதி அண்டாக்களுக்கு வருஷா வருஷம் ஈயம் பூசுகிறவர் அவர். பாத்திரத்தை அத்தனை சுத்தமாக வைத்துக்கொள்கிறவர்கள் பிள்ளையை மட்டும் கெடுத்துவிடுவார்களா என்பது அவருடைய கணக்கு.

கண்டிப்புக்குப் பேர்போன பள்ளிக்கூடம் அது. தலைமையாசிரியை மதர் பிலோமினா அதிகம் பேசமாட்டார். திங்கட்கிழமை தோறும் பிரார்த்தனை முடிந்ததும் நானூறு பெண்களும் இரண்டு கையையும் நீட்டி நிற்க, வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவார். கண்ணாடி வளையல் கூடாது. கனகாம்பரம் கூடாது. நகத்திலோ கையிலோ சாயம், கோலம் எதுவும் கூடாது. பணக்கார வீட்டுப் பெண்ணும் கூலிக்காரர் வீட்டுப் பெண்ணும் கையை நீட்டினால் ஒன்றுபோல இருக்கவேண்டும் என்பது மதரின் சட்டம். சட்டம் நல்ல சட்டம்தான்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூத்தவளுக்கு நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை காவேரிப்பட்டினம். சனிக்கிழமை வீடு பூராவும் பெண்கள். அம்மியில் மருதாணி அரைபட்ட வாசனை தெருமுனை வரை வந்தது. "அக்கா கல்யாணத்துல தங்கச்சி வெறுங்கையோட நிப்பாளா?" என்று ஆளாளுக்குக் கேட்டு வஹிதாவைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பிடித்தெல்லாம் உட்கார வைத்திருக்கத் தேவையில்லை. அவளுக்கும் ஆசை இருந்தது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு சித்தி ஈர்க்குச்சியால் உள்ளங்கையில் பூவும் கொடியும் புள்ளியுமாக எழுதி, விரல் நுனிக்கெல்லாம் தொப்பி போட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்துச் சட்டம் அப்போது அவள் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் கையை இழுத்துக்கொண்டிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

திங்கட்கிழமை காலை மதர் அவள் முன்னால் வந்து நின்றார். கை இன்னும் நன்றாகச் சிவக்கக்கூட இல்லை, ஆரஞ்சு நிறம்தான்.

"யார் போட்டது?"

"சித்தி, மதர். அக்காவுக்குக் கல்யாணம்."

"வேண்டாம்னு சொன்னியா?"

"இல்லை மதர். எனக்குப் புடிச்சிருந்தது."

பொய் சொல்லாததால் அடி விழவில்லை. ஆனால் தண்டனை விழுந்தது. கையில் நிறம் போகும்வரை வகுப்பறைக்குள் கால் வைக்கக்கூடாது. போன வருஷம் தாசில்தார் மகளுக்கும் இதே தீர்ப்புதான், அவள் பதினைந்து நாள் வீட்டில் இருந்தாள். ஆனால் தாசில்தார் மகளுக்கு அப்போது பரீட்சை இல்லை. வஹிதாவுக்கு வியாழக்கிழமை செலக்‌ஷன் பரீட்சை ஆரம்பம். அதை எழுதாதவர்களின் பெயர் பொதுப் பரீட்சைக்குப் போகாது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். அவள் அம்மா பரிதா, மூத்தவளைக் கொண்டுபோய் விடக் காவேரிப்பட்டினம் போயிருந்தாள், சாயங்காலம்தான் வருவாள். கல்யாணத்துக்கு வந்த பெண்களும் கலைந்துவிட்டார்கள். வீட்டில் கவுஸ் பாஷா ஒருவர்தான்.

"இம்புட்டுதானா?" என்றார். "மூணு நாள் இருக்குது. நம்மகிட்ட வந்த கறை எது நின்னுருக்குது?"

பிறகு நடந்ததை என்ன சொல்ல. மகளை முற்றத்தில் உட்கார வைத்து, அண்டாவுக்குப் போடுகிற மாதிரியே முதலில் புளியைக் கரைத்துத் தேய்த்தார். அசையவில்லை. கல்யாணத்துக்கு வாங்கி மிஞ்சியிருந்த எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக நறுக்கிப் பிழிந்தார். சாறு வழியாமல் ஒட்டி நிற்கட்டும் என்று கொஞ்சம் சர்க்கரையும் தூவினார். பித்தளைக்கு எலுமிச்சை போதாவிட்டால் சுண்ணாம்பு. வெற்றிலைப் பெட்டியைத் திறந்து உள்ளங்கை பூராவும் சுண்ணாம்பைத் தடவினார். கடைசியாக, எந்த மருந்தும் சூடு காட்டினால்தான் வேலை செய்யும் என்று கரி அடுப்பை மூட்டி, துருத்தியை மெல்ல அமுக்கி, மகளின் கைகளை ஒவ்வொன்றாகத் தணலுக்கு மேலே பிடித்துக்கொண்டார். வஹிதா ஒரு கையைத் தணலுக்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு கையின் முழங்கையால் புத்தகத்தைத் திருப்பி வைத்துக் கொண்டு ஜியாமெட்ரி படித்தாள்.

பொழுது சாயப் பரிதா வந்தாள். முற்றத்தில் கிடந்த எலுமிச்சைத் தோலைப் பார்த்தாள், சுண்ணாம்பைப் பார்த்தாள், தணலைப் பார்த்தாள். மகளின் கையைத் திருப்பிப் பார்த்தாள். கல்யாணப் பெண்ணின் கைகூட அத்தனை சிவக்கவில்லை. பழுத்த நாவல் பழத் தோலைப்போல் கருஞ்சிவப்பாக ஒவ்வொரு புள்ளியும் எழுந்து நின்றது.

"யாருங்க இத்தனை நல்லா சிவக்க வெச்சது?"

"சிவக்க வெக்கலடி. வெளுக்க வெக்கறேன்."

பரிதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. "அட மனுசா. செவக்கலைன்னாதான் எலுமிச்சம்பழம் பிழிவோம். அதுக்கும் செவக்கலைன்னாதான் சுண்ணாம்பு. அனல் காட்டறது கல்யாணப் பொண்ணுக்குக்கூட எல்லா வூட்லயும் செய்ய மாட்டாங்க. ஒண்ணு விடாமச் செஞ்சு வெச்சிருக்கீங்களே" என்றாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். கவுஸ் பாஷாவுக்கு மானமே போய்விட்டது. முப்பது வருஷத் தொழிலில் முதல் தோல்வி, அதுவும் உள்ளங்கை அகலத்தில்.

சிரித்து முடித்து, பள்ளிக்கூடத்தில் நடந்ததையும் கேட்டுக்கொண்ட பரிதா வேறு பேச்சை எடுத்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பா காஜா சாயபு தன் மகனுக்கு வஹிதாவைக் கேட்கிறாராம். கிருஷ்ணகிரியில் சொந்தக் கடை, கெட்ட பழக்கம் இல்லாத பையன். "பள்ளிக்கூடத்துல வர வேணாம்னே சொல்லிட்டாங்கல்ல. அல்லா காட்டற வழின்னு நெனைச்சுக்குவோமே. இன்னும் எத்தனை நாளைக்கு வெச்சுக்கிட்டு இருக்கறது?"

பரிதா கெட்டவள் இல்லை, ஊர் வாய்க்குப் பயந்தவள். கவுஸ் பாஷா மகளைப் பார்த்தார். வஹிதா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் பரீட்சை எழுதணும்ப்பா" என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது. பலகையைத் தலைகீழாகப் படித்த பிள்ளை அழுவதை அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை, வெளுத்த சட்டையும் தலையில் குல்லாவுமாக மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். வாசல் வழியாகப் போய் அவருக்குப் பழக்கமில்லை, கால் தானாக விடுதிச் சமையல்கட்டுக்குப் போய்விட்டது. சமையல்காரி லூர்துமேரி மதரை அங்கேயே கூட்டிவந்தாள்.

மதர் வஹிதாவின் கையைப் பார்த்தார். "நேத்து இருந்ததைவிடக் கறுத்திருக்கே. மறுபடியும் போட்டீங்களா பாய்?"

கவுஸ் பாஷா மென்று விழுங்கி நடந்ததைச் சொன்னார். புளி வரைக்கும் லூர்துமேரி பொறுத்துக்கொண்டாள். எலுமிச்சம்பழம் என்றதும் முந்தானையால் வாயைப் பொத்தினாள். சுண்ணாம்பு என்றபோது அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கிருந்தே, "எலுமிச்சம்பழம் பட்டா இன்னும்ல செவக்கும் மதர், அது பாவம் உங்களுக்கு எங்க தெரியும்" என்றாள்.

"தெரியும்" என்றார் மதர். "கிராம்பைச் சுட்டு அந்தப் புகையிலயும் காட்டணும். நானும் பன்னிரண்டு வயசு வரைக்கும் வீட்ல இருந்தவதான்."

லூர்துமேரி மூட்டைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். மதர் தன் கையைக் கட்டிக்கொண்டார்.

"ஆனா சட்டம் சட்டந்தான் பாய். தாசில்தார் பொண்ணை வெளியே நிறுத்தினேன். உங்க பொண்ணை உள்ளே விட்டா நாளைக்கு நான் யார் கையைப் பார்க்க முடியும்?"

"விட வேணாங்க" என்றார் கவுஸ் பாஷா. "நீங்க செஞ்சது தப்புன்னு சொல்ல நான் வரலிங்க. வகுப்புக்குள்ள வரக்கூடாதுன்னுதான சொன்னீங்க? நான் இந்தச் சமையல்கட்டுக்குப் பதினோரு வருசமா வர்றேன். ஒரு நாளும் யாரும் கையை நீட்டுன்னு சொன்னதில்லிங்க. எம்பொண்ணு இங்க ஒரு மூலையில குந்தி எழுதட்டுங்க. வூட்டுக்குப் போனா அவ்வளவுதாங்க, அப்புறம் அவ திரும்பி வர மாட்டா. ஏற்கனவே பொண்ணு கேட்டு வந்துட்டாங்க."

மதர் கொதிக்கிற உலையைப் பார்த்தார், மூலையில் இருந்த அரிசி மூட்டைகளைப் பார்த்தார். பிறகு லூர்துமேரியிடம், "வியாழக்கிழமையிலிருந்து அஞ்சு நாளைக்கு இங்கே பேச்சு சத்தம் கேட்கக்கூடாது" என்றார்.

அப்படித்தான் நடந்தது. கவிழ்த்துப் போட்ட அண்டாவின்மேல் வஹிதா உட்கார்ந்தாள். இரண்டு அரிசி மூட்டைகளுக்குக் குறுக்கே பலகை போட்டு மேஜை ஆக்கினார்கள். மேற்பார்வைக்கு வேறு டீச்சர் கிடையாது. மதரே முக்காலியில் உட்கார்ந்தார். உப்புப் பார்க்கச் சொல்லி லூர்துமேரி சைகையில் கேட்க, மதர் சைகையில் போதும் என்பார். வெள்ளிக்கிழமை மிளகாய் தாளித்தபோது மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வஹிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்கைப் போட்டாள். மதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் யாரையும் பார்த்து எழுதுகிறாளா என்று கண்காணித்தார். பார்த்து எழுத அங்கே கத்தரிக்காயைத் தவிர யார் இருந்தார்கள் என்பது வேறு விஷயம். கவுஸ் பாஷா அந்த ஐந்து நாளும் பள்ளிக்கூடத்துத் தெருவில் வாயைத் திறக்காமல் நடந்தார். பாத்திரம் வைத்துக்கொண்டு காத்திருந்த பெண்கள், ஆளுக்குத் தொண்டை கட்டிவிட்டது போல என்று பேசிக்கொண்டார்கள்.

வஹிதா தேறினாள். மார்ச் மாதத்துப் பொதுப் பரீட்சைக்கு வெறுங்கையோடு போய் வகுப்பறையிலேயே எழுதினாள். காஜா சாயபுவுக்கு, முடிவு வரட்டும் பேசலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவரும் விடுகிற ஆள் இல்லை. முடிவு வருகிற அன்றைக்குக் காலையிலேயே கிருஷ்ணகிரி பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். பெண் பரீட்சையில் தவறிவிட்டால் கையோடு நாள் குறித்துவிடலாம் என்ற எண்ணம்.

கவுஸ் பாஷா விடிந்ததுமே பஸ் ஸ்டாண்டில் நின்றார். சேலத்து வண்டியில் பேப்பர்க் கட்டு வந்தது. ஒன்றை வாங்கி, டீக்கடை பச்சியப்பனிடம் நம்பரைச் சொன்னார். பச்சியப்பன் தேடிக் கண்டுபிடித்து, "இதா இருக்குது பாய், பாஸு" என்று விரலை வைத்துக் காட்டினான். கவுஸ் பாஷா அதே இடத்தில் தன் கட்டை விரலை வைத்தார், இடம் தப்பிவிடக்கூடாதே. அந்த விரலை எடுக்காமலே போய், ஒரு கண்டக்டரிடம் லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி அழுத்திக்கொண்டார். அவரும் பாஸ் என்றார். எதிரே வந்த தபால்காரரிடம் காட்டினார். அவரும் அதையே சொன்னார். அதே விரலோடு வீடு வரைக்கும் நடந்தார்.

வீட்டில் பரிதாவும் வஹிதாவும் கதவோரம் நின்றார்கள். காஜா சாயபு நாற்காலியில் இருந்தார். கவுஸ் பாஷா பேப்பரை அவர் மடியில் விரித்து, கட்டை விரலை எடுத்தார்.

"நீங்க எழுத்து தெரிஞ்சவரு. படிங்க சம்பந்தி."

காஜா சாயபு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். முப்பது வருஷக் கரி ஏறிய விரல் அது. வியர்வையும் சேர்ந்து நம்பர் இருந்த இடம் முழுக்கக் கறுப்பாகிக் கிடந்தது. "இங்க ஒண்ணும் தெரியலையே. கரிதான் இருக்குது" என்றார்.

கவுஸ் பாஷா பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, மறுபடியும் செருப்பை மாட்டினார்.

"எங்க போறீங்க?" என்றார் காஜா சாயபு.

"இன்னொரு பேப்பர் வாங்கியாறேன்."

"விடுங்க சம்பந்தி, பாஸுன்னு நீங்க சொன்னாப் போதும். நான் நம்பறேன். பொண்ணு மேல படிக்கட்டும், நான் ஒண்ணும் குறுக்க நிக்கல."

"உங்களுக்காக இல்லிங்க" என்றார் கவுஸ் பாஷா. "யாராச்சும் படிச்சு இன்னொரு வாட்டி நான் கேக்கணும்."